விதைக் கடலையும் விழுகிற செயற்கைக்கோளும்

2021 மே 8, சனிக்கிழமை. திங்கள் முதல் முழு ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். காரிமங்கலத்தில் மளிகைக் கடைகள் முன்னால் நின்ற கூட்டம் கலைவதற்கே இரவாகிவிட்டது. அதற்குப் பிறகு அத்தையிடமிருந்து போன். கொரோனாவைப் பற்றித்தான் கேட்பார் என்று எடுத்தேன்.

"கண்ணு, சீனாக்காரன் வுட்ட ராக்கெட்டு கீழ வுழுவுதாமே. இன்னைக்கு மாடியில படுக்கலாமா, வேணாமா?"

மே மாத வெக்கையில் அந்த வீட்டில் எல்லோரும் மொட்டை மாடியில்தான் படுப்பார்கள். சாயந்திரமே தண்ணீர் தெளித்து, தரை ஆறிய பிறகு பாய் விரிப்பார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை, நீங்க படுங்க" என்றேன். "ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்தார்கள்.

மறுநாள் காலை 7.54 மணிக்கு அந்த ராக்கெட் மாலத்தீவுக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. தருமபுரியிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அரேபியா பக்கம் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து தென்கிழக்காகப் போனது, நம் தலைக்கு மேல் வரவில்லை. ஆனால் அது முந்தின இரவு யாருக்கும் தெரியாது. ராக்கெட்டை ஏவியவர்களுக்கும் தெரியாது. அத்தை கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் குறை. வானத்திலிருந்து ஏதோ விழப்போகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் நம் ஊர்களில் இதேதான் நடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாள். 2011 அக்டோபர் 23, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு. ஜெர்மனியின் ரோசாட் என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிச் செயற்கைக்கோள் வங்கக் கடலுக்கு மேலே காற்று மண்டலத்துக்குள் நுழைந்தது. எடை 2.4 டன். அதன் கண்ணாடிகள் வெப்பத்தைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை என்பதால் 1.7 டன் வரை எரியாமல் வந்து சேரலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். மாலத்தீவு எங்கே, நம் வங்கக் கடல் எங்கே? ஆனாலும் அந்த வாரம் எங்கள் பக்கம் இதைப் பற்றி ஒருவர்கூடப் பேசி நான் கேட்கவில்லை. உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த சூடு ஆறவில்லை, துணிக்கடையில் நிற்க இடமில்லை. பக்கத்தில் விழுந்ததற்குப் பயம் இல்லை. தள்ளி விழுந்ததற்கு ஒரு ராத்திரித் தூக்கம் போனது. பயத்தின் அளவு தூரத்தைப் பொறுத்து வருவதில்லை. சேதி யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு அரைகுறையாக வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து வருகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எனக்குப் புரியவைத்தது ஆயா சொன்ன கதை. அவர் வாயில் அது 'கைலாபு'. ஸ்கைலாப், அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம். 1973 மே 14ல் ஏவினார்கள். மூன்று குழுக்கள் போய்த் தங்கின. 1974 பிப்ரவரிக்குப் பிறகு ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. விண்வெளி ஓடம் தயாரானதும் அதைக் கொண்டு இந்த நிலையத்தை மேலே தள்ளிவிடலாம் என்பது நாசாவின் எண்ணம். ஓடம் தயாராவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, 1981ல்தான் பறந்தது. அதற்குள் சூரியன் எதிர்பார்த்ததைவிடக் கொதித்தது, அந்தச் சூட்டில் பூமியின் காற்று மண்டலம் மேலே விரிந்து நிலையத்தைப் பிடித்து இழுத்தது. 77 டன் எடையுள்ள ஒன்று கட்டுப்பாடு இல்லாமல் வரப்போகிறது என்று 1979ல் உலகம் முழுவதும் தெரிந்துவிட்டது.

ஆயாவின் ஊர் பாலக்கோடு பக்கம் மலையடிவாரத்தில். அந்த ஊருக்குச் சேதி வந்தது எப்படி என்று பலமுறை கேட்டிருக்கிறேன். டீக்கடை ரேடியோவில் ஒருவர் கேட்டார், சந்தைக்குப் போனவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார், ஆந்திரா பக்கம் உறவு உள்ளவர்கள் அங்கிருந்து வேறு ஒரு கதையைக் கொண்டுவந்தார்கள். தெலங்கானா கிராமங்களில் ஆடு கோழிகளை அடித்துத் தின்று, கையிருப்பைச் செலவழித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். ஆயாவின் ஊரிலும் ஆடு அடித்தார்கள். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஆட்டைப் பற்றி அல்ல.

"வெதக் கடலைய வறுத்துத் தின்னுட்டோம்" என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

மானாவாரிக் காட்டில் பிழைப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. விதைக்கென்று நல்ல காயாகப் பொறுக்கி, காயவைத்து, மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றி வைத்தது. வீட்டில் எவ்வளவு பசி வந்தாலும் தொடாதது. ஸ்கைலாப் விழுந்தது ஜூலை 11. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. விதைக்க வேண்டிய நேரத்தில் பரண் காலி. அந்த வருடம் ஒன்றுக்கு ஒன்றரை என்று விதை கடன் வாங்கி விதைத்ததாகச் சொல்வார். அந்த ஊரில் ஸ்கைலாபின் ஒரு ஆணிகூட விழவில்லை. ஆனாலும் அது செய்துவிட்டுப் போன நஷ்டம் அடுத்த அறுவடை வரை இருந்தது.

நம் நேரப்படி அன்று இரவு பத்து மணி வாக்கில் அது உடைந்து ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில், எஸ்பரன்ஸ் என்ற கடலோர ஊரைச் சுற்றி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குத் தெற்கே கடலில் விழவைக்கப் பார்த்தார்கள். கணக்கிட்டதைவிடத் தாமதமாக உடைந்ததால் தள்ளிப் போய் நிலத்தில் விழுந்தது. அமெரிக்காவில் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். சட்டை அச்சிட்டு விற்றார்கள், முதல் துண்டைக் கொண்டுவருபவருக்கு சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று 10,000 டாலர் அறிவித்தது, எஸ்பரன்ஸில் இருந்து 17 வயதுப் பையன் ஒருவன் விமானம் ஏறிப் போய் வாங்கிக்கொண்டான். எஸ்பரன்ஸ் உள்ளாட்சி, குப்பை போட்ட குற்றத்துக்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது.

அங்கே சிரிப்பு, இங்கே விதைக் கடலை. அவர்கள் அறிவாளிகள், நம் ஆட்கள் அறியாதவர்கள் என்று இதைப் படிப்பது தப்பு. அவர்கள் வீட்டில் தினமும் ராத்திரி தொலைக்காட்சியில் நாசா அதிகாரிகள் வந்து பேசினார்கள், எத்தனை மணிக்கு எந்தக் கடலுக்கு மேல் என்று வரைபடம் காட்டினார்கள். ஆயாவின் ஊருக்கு யாரும் வரவில்லை. வராத இடத்தை வதந்தி நிரப்பியது. விழப்போவது ஒரு வீடு அளவா, ஊர் அளவா, வானமே அளவா என்று தெரியாதவர்கள், கடைசியாக ஒரு வேளை நன்றாகச் சாப்பிடலாம் என்று முடிவெடுத்தார்கள். தெரிந்த அளவுக்கு அது நியாயமான முடிவுதான்.

சரி, ஏன் எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை? சந்திரனில் குறித்த இடத்தில் கொண்டுபோய் இறக்குகிறவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான சந்தேகம்.

தாழ்வான பாதையில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறி, சூளகிரி, கிருஷ்ணகிரி டோல்கேட், காவேரிப்பட்டணம் எல்லாம் கடந்து தருமபுரியில் இறங்க நமக்கு இரண்டு மணி நேரம். அது இந்தத் தூரத்தைப் பன்னிரண்டு விநாடியில் கடந்துவிடும். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பூமி தன் பங்குக்குச் சுழன்றுவிடுவதால், அடுத்த சுற்றின் பாதை நிலநடுக்கோட்டில் 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போய்விடும்.

இதை எஞ்சின் பிடித்துத் தள்ளினால் இறக்கும் இடத்தைக் குறிக்கலாம். எரிபொருள் தீர்ந்த செத்த செயற்கைக்கோளுக்கு எஞ்சின் ஏது? அதைக் கீழே இழுப்பது அந்த உயரத்திலும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்றின் உராய்வு மட்டும்தான். அந்தக் காற்று தினமும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. சூரியனில் ஒரு கொந்தளிப்பு எழுந்தால் விரியும், அடங்கினால் சுருங்கும். கோள் நீளவாக்கில் போகிறதா, குறுக்கே திரும்பி உருண்டு உருண்டு போகிறதா என்பதைப் பொறுத்தும் உராய்வு மாறும். அதனால் மீதமிருக்கும் நேரத்தில் பத்து, இருபது சதவீதம் வரை கணக்கு முன்னே பின்னே போகும். விழ இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்னும்போது இந்தப் பிழையே நாலைந்து மணி நேரம் வந்துவிடும். நாலைந்து மணி நேரம் இந்தப் பக்கம், நாலைந்து மணி நேரம் அந்தப் பக்கம் என்றால் ஆறேழு சுற்று. ஆறேழு சுற்றுக்குள் எத்தனை கண்டம், எத்தனை கடல்!

கடைசி இரண்டு மணி நேரத்தில்கூட அரைச் சுற்று வரை சந்தேகத்தில்தான் இருக்கும். அதனால்தான் டிவி வரைபடத்தில் பாதி உலகத்தின்மேல் கோடு வளைந்து வளைந்து போகிறது. அந்தக் கோட்டில் சென்னையும் இருக்கும், சிட்னியும் இருக்கும். 'தமிழகத்தின் மீது விழும் அபாயம்' என்று அதிலிருந்து ஒரு தலைப்பு போட்டால் அது பொய் என்று சொல்லவும் முடியாது. அதைப் படித்துவிட்டு ஒருவர் கூடத்தில் படுத்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அதே கோடு நமக்கு ஒரு நல்ல சேதியும் சொல்கிறது, அதை யாரும் தலைப்பாகப் போடுவதில்லை. கோடு எந்த நேரத்தில் நம் ஊருக்கு மேல் கடக்கிறது என்பது நிமிடக் கணக்கில் தெரியும். அந்த நிமிடங்கள் கடந்துவிட்டால் அந்தச் சுற்றில் நமக்கு ஒன்றுமில்லை. கோடு நம் மேல் வராத சுற்றில் முதலிலிருந்தே ஒன்றுமில்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை.

சீன ராக்கெட்டின் விஷயம் இதில் கொஞ்சம் வேறு. பெரிய ராக்கெட்டுகளின் முதல் கட்டம் ஏவிய சில நிமிடங்களில் கழன்று குறித்த கடலில் விழுந்துவிடும். இந்த ராக்கெட்டில் 30 மீட்டர் நீளம், 20 டன் எடையுள்ள முக்கியப் பகுதியே சுற்றுப்பாதைக்குப் போய்விடும், திரும்ப எஞ்சினை இயக்கி இறக்க வழி வைக்கவில்லை. 2020 மே மாதம் இதே வகை ராக்கெட்டின் துண்டுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் கிராமங்களில் விழுந்தன. இவ்வளவு கனமான ஒன்றைத் தெரிந்தே இப்படிவிட்டது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அடுத்த முறை எந்த ஊர் மாடி என்று தெரியாமல் படுப்பவர்கள் யாரும் அந்த ராக்கெட்டால் ஒரு பைசா லாபம் பார்த்தவர்கள் அல்ல.

இனி எண்கள். 2011 செப்டம்பரில் நாசாவின் யுஏஆர்எஸ் என்ற செயற்கைக்கோள் விழுந்தபோது '3,200ல் ஒன்று' என்ற எண் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆறு டன் கோள், அதில் 26 துண்டுகள் எரியாமல் வரும், எல்லாம் சேர்த்து அரை டன்னுக்குச் சற்று மேல் என்றார்கள். கடைசியில் பசிபிக்கில் விழுந்தது. ஆனால் 3,200ல் ஒன்று என்றால் என்ன அர்த்தம்? சீட்டு கட்டிப் பழகியவர் காதில் அது 3,200 பேரில் ஒருவர் தலையில் விழும் என்றுதான் விழுகிறது. ஒரு பேரூராட்சிக்கு நாலைந்து பேர்! பயப்படாமல் என்ன செய்வார்?

உண்மை வேறு. இதே கோளை 3,200 தடவை விழவைத்தால், அதில் ஒரு தடவை, பூமியில் எங்கேயோ, யாரோ ஒருவர்மேல் ஒரு துண்டு படக்கூடும். உலகில் 700 கோடி பேர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒருவர் நாமாக இருக்க வாய்ப்பு 22 லட்சம் கோடியில் ஒன்று. நம் மாவட்டங்களுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்து ஏறக்குறைய 9,600 சதுர கிலோமீட்டர். பூமியின் பரப்பு 51 கோடி. விழுகிற ஒரு துண்டை எடுத்துக்கொண்டால், அது அஞ்செட்டிக் காட்டிலிருந்து அரூர் வரை எங்காவது விழ வாய்ப்பு ஐம்பதாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. விழுந்தாலும் பாறை, காடு, ஏரி, மாந்தோப்பு தாண்டி ஒரு ஆள்மேல் படவேண்டும்.

இதே இந்தியாவில் 2022ல் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பெரும்பாலும் காட்டில் வேலை செய்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள். சுற்றுப்பாதையிலிருந்து விழுந்த குப்பையால் உலகில் உறுதியாகப் பதிவான சாவு இதுவரை ஒன்றுகூட இல்லை. 1997ல் அமெரிக்காவில் துல்சா நகரத்தில் நடந்துபோன ஒரு பெண்ணின் தோளில் ராக்கெட்டின் கருகிய சல்லடைத் துண்டு ஒன்று பட்டது, காயமில்லை. 2024 மார்ச்சில் விண்வெளி நிலையத்திலிருந்து தூக்கியெறிந்த பேட்டரிச் சட்டகத்தின் 700 கிராம் துண்டு ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. அது முழுக்க எரிந்துவிடும் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். ஆகவே 'ஒண்ணும் ஆகாது' என்று நான் அத்தையிடம் சொன்னதும் சரியான பதில் இல்லை. கூரைக்குக் கீழே படுப்பதால் பெரிய பாதுகாப்பும் இல்லை. மாடியில் படுத்திருக்கலாம்.

வானத்தில் விழுவதைக் கண்டு நம் ஊர்க்காரர்கள் திடுக்கிடுவது நேற்று வந்த பழக்கமல்ல. ஒரு விண்மீன் வானிலிருந்து விழுந்ததைப் பார்த்து ஏழாம் நாள் சேர மன்னன் இறந்ததைப் பாடிய கூடலூர் கிழாரின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்லி ஆயா என் முகத்தைத் திருப்பிவிடுவார். இந்தப் பழைய பயத்தின்மேல்தான் இன்றைய சேதி வந்து விழுகிறது.

அதனால் பெயர் வைப்பதில் அவசரப்படக்கூடாது. 2016 பிப்ரவரி 6, பர்கூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் பலத்த சத்தத்தோடு வெடிப்பு. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், சிலருக்குக் காயம், தரையில் குழி. மறுநாளே அது விண்கல் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிக்கை விட்டு இழப்பீடு அறிவித்தார். விண்கல் விழுந்து மனிதர் இறந்த முதல் சம்பவம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. சில நாளில், படங்களைப் பார்த்தால் நிலத்தில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்று நாசா விஞ்ஞானிகள் சொன்னார்கள். இந்தத் திருத்தம் முதல் சேதி போன இடமெல்லாம் போகவில்லை. இன்றும் கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்டுப் பாருங்கள், 'கல்லு வுழுந்து செத்தாரே' என்றுதான் சொல்வார்கள். ஒரு மனிதரின் சாவுக்கு உண்மையான காரணம் அந்தப் பெயருக்குப் பின்னால் போய்விட்டது.

எங்கள் பக்கம் சத்தத்துக்கும் பஞ்சமில்லை. கிரானைட் குவாரி வெடி உண்டு. பெங்களூருவிலிருந்து பறக்கும் போர் விமானம் ஒலி வேகத்தைத் தாண்டினால் ஜன்னல் அதிரும். 2020 மே 20ல் பெங்களூரு முழுக்க அதிர்ந்து, பிறகு அது விமானப் படைச் சோதனைப் பறப்பு என்று தெரிந்தது. வானிலைத் துறையின் பலூன் வெள்ளைப் பெட்டியோடு தக்காளிக் காட்டில் இறங்கினால் அதைச் சுற்றி ஊரே கூடிவிடும். இவற்றுக்கும் விழுகிற செயற்கைக்கோளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எரிகல் ஒன்றிரண்டு விநாடியில் முடிந்துவிடும். ஒரே வரிசையில் முத்துமாலைபோல் சத்தமில்லாமல் நகர்ந்தால் அது புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் கோள்கள், விழவில்லை. செயற்கைக்கோளோ ராக்கெட்டோ எரியும்போது மெதுவாக, அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட வானத்தைக் கடந்து போகும். போகப் போகப் பல துண்டாகப் பிரிந்து, எல்லாத் துண்டும் வாலோடு ஒரே திசையில் போகும். அந்த நெருப்பு எழுபது, எண்பது கிலோமீட்டர் உயரத்தில் நடப்பது. மிஞ்சிய துண்டு அதற்குப் பிறகு வேகம் குறைந்து, அணைந்து, சில நிமிடம் கழித்துத்தான் தரைக்கு வரும். நெருப்புக் கோளமாக ஊருக்குள் வந்து விழுவது சினிமாவில்தான்.

2022 ஏப்ரல் 2, குடி பாட்வா பண்டிகை நாள் இரவு. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் வானத்தில் இப்படித்தான் வரிசையாக நெருப்பு போனது. எரிகல் என்றார்கள், விமானம் விழுகிறது என்றார்கள், ஏவுகணை என்றார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் சிந்தேவாகி பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று மீட்டர் அகல உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. சுற்று வட்டாரத்தில் உருண்டைத் தொட்டிகளும் கிடைத்தன. சீன ராக்கெட் ஒன்றின் மிச்சமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஊர்க்காரர்கள் சேதி சொன்னார்கள், வளையம் காவல் நிலையத்துக்குப் போனது, இஸ்ரோ விஞ்ஞானிகள் வந்து பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலே அந்த மக்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள்.

இங்கே விழுந்தால்? எனக்கு உள்ள கவலை பழைய இரும்புக் கடைதான். டைட்டானியம் உருண்டை ஒன்று வரப்பில் கிடந்தால், எடைக்கு என்ன தருவான் என்று பார்க்கத் தோன்றும். கஷ்டப்படுகிறவர்களுக்கு அது இயல்பு. ஆனால் அந்த உருண்டைகள் பல, எரிபொருளோ அழுத்த வாயுவோ அடைத்து வைத்த தொட்டிகள். ஹைட்ரசீன் என்ற எரிபொருள் மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் விஷம். பெரும்பாலும் மேலேயே எரிந்து தீர்ந்துவிடும். மிச்சம் உண்டா இல்லையா என்பதைத் தட்டிப் பார்த்தோ அறுத்துப் பார்த்தோ கண்டுபிடிக்கக் கூடாது. பிள்ளைகளையும் மாட்டையும் தள்ளி நிறுத்திவிட்டு, விஏஓவிடம் சொல்ல வேண்டும், அல்லது 112க்கோ, ஆட்சியர் அலுவலகத்துப் பேரிடர் எண் 1077க்கோ போன் செய்ய வேண்டும். அது விழுந்த காட்டுக்காரருக்குச் சொந்தமும் ஆகாது. ஏவிய நாடு கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 1968 ஒப்பந்தம்.

சேதத்துக்கு? 1972ல் வந்த பொறுப்பேற்பு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது. தரையில் நடந்த சேதத்துக்கு, யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஏவிய நாடு கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பாலக்கோட்டு விவசாயி பெய்ஜிங்குக்கோ வாஷிங்டனுக்கோ மனு போட முடியாது. இந்திய அரசுதான் அவருக்காகக் கேட்க வேண்டும். 1978ல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 அணு உலையோடு கனடாவின் வடக்கில் சிதறியபோது கனடா அப்படித் துப்புரவுச் செலவுக்கென்று 60 லட்சம் கனடா டாலர் கேட்டு, 30 லட்சத்தை வாங்கியது. அந்த விவசாயிக்கு இந்த வழி இருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். படம் எடுத்து வைப்பது, விஏஓ கையெழுத்தோடு மகஜர் போட்டு வைப்பது, இதெல்லாம் அன்றைக்கே செய்ய வேண்டியவை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நாமும் இப்போது விழவைக்கிறவர்கள்தான். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரீன் ஹெட் என்ற கடற்கரையில் ஆள் உயரத்துக்கும் மேலான உலோக உருளை ஒன்று சிப்பி ஒட்டிக் கரை ஒதுங்கியது. காணாமல் போன மலேசிய விமானமோ என்றுகூட அந்த ஊர் மக்கள் சந்தேகப்பட்டார்கள். போலீஸ் காவல் போட்டது. கடைசியில் அது பெரும்பாலும் நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் என்று ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனம் சொன்னது. ஸ்கைலாப் விழுந்த அதே மாநிலம். நம் ராக்கெட்டைப் பார்த்துப் பயந்த அந்தக் கடற்கரைக்காரருக்கும் என் ஆயாவுக்கும் ஒரே நிலைதான்.

செய்ய முடியாத காரியமில்லை என்பதும் நம் ஆட்களே காட்டியது. மேகா டிராபிக்ஸ்-1 என்ற ஒரு டன் கோளை 2011ல் பிரான்ஸோடு சேர்ந்து ஏவினோம். மூன்று வருடம் என்று கணக்கிட்டது பத்து வருடம் வேலை செய்தது. அதில் மிச்சம் ஏறக்குறைய 125 கிலோ எரிபொருள் இருந்தது. பெங்களூருவில் இருந்தபடியே இஸ்ரோ விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7ல் ஆளில்லாத பசிபிக் பகுதியில் குறிவைத்து இறக்கினார்கள். அந்தக் கோளை அதற்கென்று வடிவமைக்கவே இல்லை. ஆனாலும் செய்தார்கள். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்த காரியம், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விழும் கோள்களைக் கண்காணிக்கும் இஸ்ரோவின் மையமும் அதே பெங்களூருவில்தான். அங்கே தெரிவது இங்கே நாலு வரித் தமிழில் ஆட்சியர் அலுவலகம் வழியாக வந்தால் போதும். மழை எச்சரிக்கை அப்படித்தான் வருகிறது, அணை திறப்பு அப்படித்தான் வருகிறது.

2025 மே மாதம் சோவியத்தின் காஸ்மாஸ் 482 வந்தது. 1972ல் வெள்ளிக் கோளுக்கு அனுப்பி, பூமியைத் தாண்ட முடியாமல் 53 வருடம் சுற்றியது. வெள்ளியின் சூட்டைத் தாங்கச் செய்த அரை டன் டைட்டானியக் கூடு, எரியாமலே வந்து விழலாம் என்றார்கள். அந்த வாரம் எல்லையில் சண்டை. டிவியில் ராப்பகலாக டிரோனும் ஏவுகணையும். வானத்தில் எது மின்னினாலும் ஆள் நடுங்கும் நேரம். இந்த முறை அத்தையின் போனுக்கு நான் காத்திருக்கவில்லை. மே 9 சாயந்திரமே குடும்ப குரூப்பில் எழுதிப் போட்டேன்:

'ரஷ்யாக்காரன் பழைய கோள் ஒண்ணு நாளைக்கு விழும். பாகிஸ்தானுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒரு ஃபிரிட்ஜ் அளவு. குண்டு இல்ல, வெடிக்காது. எங்க விழும்னு யாருக்கும் தெரியாது, பூமியில முக்கால்வாசி கடல். வானத்துல நெருப்பு போற மாதிரி தெரிஞ்சா பாருங்க, பயப்படாதீங்க. காட்டுல ஏதாவது கிடந்தா தொடாம எனக்குப் போன் பண்ணுங்க. மாடியில படுக்கலாம்.'

மறுநாள் 11.54க்கு, மத்திய அந்தமானுக்கு மேற்கே 560 கிலோமீட்டரில் அது அடர்ந்த காற்றுக்குள் நுழைந்து, ஜகார்த்தாவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் விழுந்ததாக ரஷ்ய விண்வெளி நிறுவனம் கணித்தது. வரைபடத்தில் பார்த்தால் அது காற்றுக்குள் நுழைந்த இடம் வங்கக் கடலில், கிருஷ்ணகிரியிலிருந்து நேர் கிழக்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். சீன ராக்கெட்டைவிடக் கிட்டத்தில். குரூப்பில் அதையும் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை குரலிலேயே பதில் அனுப்பினார். "சரி கண்ணு, ராத்திரி மாடியிலதான் படுத்தோம். செந்தூரா பழுக்க ஆரம்பிச்சிருக்கு, ஒரு கூடை கட்டி வெச்சிருக்கேன், எப்ப வந்து எடுத்துட்டுப் போற?"